அவரவர் நோய்க்கு அவரவர் விளக்கம்

(ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ரிங்லெட்)



திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் கடைசிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கவனிப்பவன் என்பன அந்நான்கு. அவற்றுள் நோயாளியையே முதலில் வைத்தார் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மருத்துவமனையில் நாம் நடந்துகொள்ளும் முறையோ வேறு. டாக்டர் சொல்வார், நாம் தலையாட்டுவோம்; மருந்துப் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவோம். வீடு வந்து சேர்ந்த பிறகுதான், என்ன நோய், எந்த அளவில் இருக்கிறது, இனி என்ன ஆகும் என்ற கேள்விகள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கும்.

அந்தக் கேள்விகளுக்கு இன்று கைத்தொலைபேசியில் விடை தேடாத வீடு அரிது. ரிங்லெட்டிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் அப்படித்தான். நோயாளி தேடாவிட்டாலும் பேரப்பிள்ளை தேடித் தருகிறான். இதைத் தவறென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால், இணையத்தில் எல்லோருக்குமாக எழுதப்பட்ட தகவல் ஒன்று. நம் உடம்புக்கும் நம் நோய்க்கும் உரிய தகவல் வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாவிட்டால் நன்மை தேடிப் போய்த் தீமையில் விழ நேரும். அந்த வேறுபாட்டை அன்பர்களுக்கு எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்றைய டிரெஸர்

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-ஆம் ஆண்டிலும், பாரத் தேயிலைத் தோட்டம் 1933-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. காட்டை அழித்துச் செடி நட்ட நம் முன்னோருக்கு வைத்தியம் என்றால் தோட்டத்து டிரெஸர்தான். அவரிடம் இருந்த மருந்துகள் சில. அவர் படித்த படிப்பும் பெரிய டாக்டர் படிப்பு அன்று. ஆயினும் ஒரு பெரிய காரியம் அவரிடம் இருந்தது. எந்த லயத்தில் எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது அவருக்குத் தெரியும். “உன் அண்ணனுக்குக் கொடுத்த மாத்திரையை நீ தின்னாதே, உனக்குச் சீனி வியாதி இருக்கிறது” என்று முகத்துக்கு நேரே சொல்வார். ஆளைப் பார்த்து, அவருக்குரியதை, அவருடைய மொழியிலேயே சொன்ன விளக்கம் அது.

இன்று வைத்திய வசதி எவ்வளவோ பெருகிவிட்டது. ரிங்லெட்டில் அரசாங்க கிளினிக் இருக்கிறது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மேலே தானா ராத்தாவில் சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. பெரிய நோய் என்றால் தாப்பா சாலையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் வளைவுகளைக் கடந்து மலையிறங்கி, ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போகலாம். புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் 2013 முதல் இயங்கி வருகிறது. நிபுணர்கள் உண்டு, கருவிகள் உண்டு. ஆனால் ஒரு நோயாளியை ஐந்தாறு பேர் வெவ்வேறு இடத்தில் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, “உனக்கு இது, ஆகவே நீ இப்படிச் செய்” என்று சொல்ல அந்தப் பழைய டிரெஸர் இல்லை. அந்த இடத்தைத்தான் இன்று இணையம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பொதுத் தகவல் எங்கே இடறுகிறது?

மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

முதலாவது, சிறுநீரகம். இரத்தப் பரிசோதனைத் தாளில் ‘ஈ.ஜி.எஃப்.ஆர்’ என்று ஓர் எண் இருக்கும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அது காட்டும். 60-லிருந்து 89 வரை இரண்டாம் நிலை, 30-லிருந்து 59 வரை மூன்றாம் நிலை, 15-லிருந்து 29 வரை நான்காம் நிலை, 15-க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை. ‘சிறுநீரகத்துக்கு நல்ல உணவு’ என்று இணையத்தில் தேடினால் இளநீர், வாழைப்பழம், வாழைத்தண்டுச் சாறு என்று பட்டியல் வரும். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு அவற்றால் கெடுதி இல்லை. நான்காம், ஐந்தாம் நிலையில் உள்ளவருக்கோ அவற்றில் உள்ள பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் தங்கிவிடக்கூடும். அது அளவு மீறினால் இருதயத் துடிப்பே தடுமாறும். மலாயில் பெலிம்பிங் என்று நாம் சொல்லும் நட்சத்திரப் பழம் இன்னும் கொடியது. சிறுநீரகம் கெட்டவருக்கு அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கி வலிப்பைக் கூட உண்டாக்கும். முட்டி வலிக்குக் கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகளும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

இது என் குடும்பத்திலேயே நடந்தது. என் தங்கை கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். இருபது ஆண்டுகளாகச் சீனி வியாதி. ஈ.ஜி.எஃப்.ஆர் 22 என்று வந்தது. உறவுக்காரர் ஒருவர் நல்லெண்ணத்தோடு அனுப்பிய காணொளியைப் பார்த்து மூன்று வாரம் தினமும் இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் குடித்து வந்தார். அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் 6.2. ஐந்துக்குள் இருக்க வேண்டிய எண் அது. அன்றே வார்டில் சேர்த்தார்கள். நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார். பிறகு உணவியல் நிபுணர் ஒருவர் அவருடைய எண்களைப் பார்த்து, அவருக்கென்றே ஒரு தாளில் எதைச் சாப்பிடலாம், எதைக் குறைக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று மலாயில் எழுதிக் கொடுத்தார். பேத்தி அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டினாள். காணொளியும் தகவல்தான், சுவரில் இருக்கும் தாளும் தகவல்தான். ஒன்று ஊருக்கு; மற்றொன்று என் தங்கைக்கு.

இரண்டாவது, காய்ச்சல். ‘காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டு ஓய்வெடுக்கவும்’ என்பது பொது அறிவுரை. கீமோதெரப்பி சிகிச்சை பெறுபவருக்கு இது ஆகாது. மருந்து ஏற்றிய பின், பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துபோகும். அச்சமயம் உடம்பு வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டாலே அவசர நிலை எனக் கொள்ள வேண்டும். நடுச்சாமமானாலும் மருத்துவமனைக்குப் போய், “எனக்குக் கீமோ நடக்கிறது” என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. மலையில் வசிக்கும் நமக்குத் தூரமும் பனியும் வேறு இருப்பதால் இதை முன்னதாகவே அறிந்திருப்பது மிக அவசியம்.

மூன்றாவது, மார்பகப் புற்றுநோய். பெயர் ஒன்றே தவிர நோய் ஒன்றல்ல. கட்டியில் ஹார்மோன் ஏற்பிகள் உண்டா, ‘ஹெர்-2’ என்னும் புரதம் மிகுதியா என்று பரிசோதிப்பார்கள். ஹார்மோன் ஏற்பி உள்ள நோய்க்குத் தமொக்சிஃபென் போன்ற மாத்திரை பல ஆண்டுகள் கொடுப்பதுண்டு. ஹெர்-2 மிகுந்த நோய்க்கு டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து. இரண்டும் இல்லாத வகைக்கு வேறு வழி. ஆகவே, “பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மாத்திரையை எனக்கு ஏன் கொடுக்கவில்லை?” என்று மனம் வருந்துவதற்கு முன், இருவரின் பரிசோதனைத் தாளும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

இது நம் ஊர் அனுபவம் மட்டுமன்று. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கதிரியக்கச் சிகிச்சை தொடங்கும் புற்றுநோயாளிகள் ஐந்நூறு பேருக்கு மேல் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 1999-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்குக் கணினி வழியாக நோயைப் பற்றிய பொதுத் தகவல் மட்டும் காட்டப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு அவரவர் மருத்துவக் கோப்பில் உள்ள விவரத்தோடு சேர்த்து விளக்கம் காட்டப்பட்டது. தம் கோப்பைக் கண்டவர்களில் அதிகம் பேர், புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார்கள். அச்சிட்ட தாளை வீட்டாரிடமும் காட்டினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பொதுத் தகவல் மட்டும் பெற்றவர்களிடையே மனக்கலக்கம் அதிகமாக இருந்தது. தகவல் இல்லாமை மட்டுமே கலக்கம் தருவதில்லை. தமக்குப் பொருந்துமா என்று தெரியாத தகவலும் கலக்கம் தரும் என்பது இதனால் விளங்குகிறது.

இணையத்தில் நோயாளியை அதிகம் பயமுறுத்துவது எண்கள். ‘இந்த நோய் கண்டவர் இத்தனை மாதம்தான்’ என்று படித்துவிட்டு உறக்கமிழந்தவர்கள் பலர். அந்த எண்ணின் பொருளைச் சற்றே பார்ப்போம். கொழுந்து நிறுக்க 11 பேர் நிற்கிறார்கள். குறைந்த எடையிலிருந்து கூடிய எடை வரை வரிசைப்படுத்தினால் ஆறாவது ஆளின் எடைதான் நடு எண். அது 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஆள் 60 கிலோ பறித்திருக்கலாம். “இன்று எல்லோருக்கும் 30 கிலோதான்” என்று கிராணி எழுதினால் நாம் சும்மா இருப்போமா? நோய்க் கணக்கும் அப்படித்தான். பாதிப் பேர் அந்த எண்ணுக்குள், பாதிப் பேர் அதற்கு மேல். சிலர் வெகு தூரம் மேல்.

ஸ்டீவன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 1982-இல், தம் நாற்பதாவது வயதில், மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய் கண்டது. நூலகத்தில் தேடியபோது ‘நடு எண் எட்டு மாதம்’ என்று இருந்தது. கணக்கறிந்தவராதலால் அவர் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: என் வயது, நோயைக் கண்ட காலம், எனக்குக் கிடைக்கும் சிகிச்சை இவற்றைப் பார்த்தால் நான் எந்தப் பாதியில் இருப்பேன்? அதன்பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002-இல் வேறொரு புற்றுநோயால் மறைந்தார். எல்லோருக்கும் இப்படி நேரும் என்று பொய் நம்பிக்கை தருவதற்காக இதைச் சொல்லவில்லை. எண்ணைப் பார்த்தவுடன் ‘இது யாருக்கான எண்?’ என்று கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

இன்று கிடைக்கும் வழிகள்

நம் நாட்டுச் சுகாதார அமைச்சு ‘மைஹெல்த்’ என்னும் இணையத் தளத்தில் நோய்கள் பற்றிய விளக்கங்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் தருகிறது. இது பொதுத் தகவல்தான் என்றாலும் நம்பத்தக்கது. கோவிட் காலத்தில், 2020-இல், அறிமுகமான மைசெஜாத்ரா செயலி பின்னர் அரசாங்க கிளினிக் முன்பதிவு போன்ற காரியங்களுக்கும் விரிவடைந்தது.

இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையும், 2012-இல் அமைந்த தேசியப் புற்றுநோய் வலையமைப்பும் ‘நவ்யா’ என்னும் இணையச் சேவையோடு சேர்ந்து இயங்குகின்றன. நோயாளி தம் பரிசோதனைத் தாள்களை அனுப்பினால், அவருடைய நோய்க்கே உரிய நிபுணர் கருத்து அறிக்கையாகத் திரும்பி வரும். அதைத் தம் உள்ளூர் டாக்டரிடம் காட்டிப் பேசலாம். மலையிலும் கிராமத்திலும் வாழ்பவருக்கு இது எத்தகைய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 2021 முதல் பரிசோதனை முடிவுகள் வந்த உடனே நோயாளியின் கணக்கில் தெரியும்படி சட்டம் செய்திருக்கிறார்கள். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே நோயாளி பார்த்துவிடுவதும் உண்டு. இதைப்பற்றி எண்ணாயிரம் பேருக்கு மேல் கேட்டு 2023-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடனே தெரிவதையே விரும்பினார்கள். அதே சமயம், முடிவு சரியில்லாதவர்களிடம் கவலை மிகுந்திருந்ததும் தெரியவந்தது. உண்மை வேண்டும், உண்மையைச் சொல்ல அருகில் ஓர் ஆளும் வேண்டும்.

2022-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்கின்றன. மலாய் அறிக்கையில் உள்ள கடினச் சொல்லுக்குப் பொருள் கேட்கவும், டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தயார் செய்துகொள்ளவும் அவை பயன்படும். ஆனால் நாம் சொல்லாத விவரம் அவற்றுக்குத் தெரியாது. தவறான பதிலையும் தயக்கமின்றிச் சொல்லும். ஆகவே அவற்றின் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்துவதோ கூட்டுவதோ கூடாது. அடையாளக் கார்டு எண், முகவரி, பெயர் ஆகியவற்றை அவற்றில் இடவும் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. ‘புற்றுநோய் குணமாகும்’, ‘சிறுநீரகம் மீளும்’ என்று விளம்பரம் செய்யும் சூரணங்களும் பானங்களும் கைத்தொலைபேசியில் தேடி வருகின்றன. புற்றுநோய், நீரிழிவு, சிறுநீரக நோய், இருதய நோய் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. அப்படி விளம்பரம் செய்பவர் முதல் அடியிலேயே சட்டத்தை மீறியவர். பதிவு பெற்ற மருந்தில் ‘மால்’ என்று தொடங்கும் எண் இருக்கும். பாரம்பரிய மருந்தாயின் அது ‘டி’ என்ற எழுத்தில் முடியும். எண் இருந்தாலும், நம் டாக்டரிடம் காட்டாமல் சாப்பிடக்கூடாது.

மறைப்பது நன்றா?

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய நோய் என்று தெரிந்தால் நோயாளிக்குச் சொல்லாமல் மறைத்துவிடுவோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் மருத்துவமனைக் கடிதம் அவர் கையிலேயே இருக்கிறது. நமக்கு மலாய் பேசத் தெரியும். கடிதத்தில் ‘ராவாத்தான் பாலியாத்திஃப்’ என்று இருந்தால் புரிவதில்லை. பேரன் கைத்தொலைபேசியில் தேடி, ‘கடைசிக் கட்டம்’ என்று படித்துச் சொல்லிவிடுகிறான், வீடே அழுகிறது.

அச்சொல்லுக்கு வலியும் துன்பமும் தணிக்கும் பராமரிப்பு என்பதே பொருள். கைவிட்டுவிட்டார்கள் என்பதன்று. பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடையே நடந்து 2010-இல் வெளியான ஆராய்ச்சியில், இந்தப் பராமரிப்பைத் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் மன அமைதியோடு இருந்ததோடு, மற்றவர்களைவிடச் சற்று அதிக நாளும் வாழ்ந்தார்கள். ஒரே சொல், அறைகுறையாகத் தெரிந்தால் இடி, முறையாகத் தெரிந்தால் ஆறுதல். எனவே நோயாளிக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்பதை அவரிடமே கேட்டு, அவ்வளவையும் தெளிவாகச் சொல்வதே முறை என்பது என் தாழ்மையான கருத்து.

செய்யக்கூடியவை

நோயாளியும் வீட்டாரும் கடைப்பிடிக்க வேண்டியவை சில:

1. எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். முதல் பக்கத்தில் நோயின் முழுப் பெயர், நிலை, மருந்துகள், ஒவ்வாமை ஆகியவற்றை எழுதுங்கள்.

2. டாக்டரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள்: என் நோயின் சரியான பெயர் என்ன? எந்த நிலை? என்ன சிகிச்சை, அதற்கு மாற்று உண்டா? எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்? எதைச் சாப்பிடக்கூடாது?

3. பதிலை எழுதி வாங்குங்கள். கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள்.

4. இணையத்தில் ஒன்றைப் படித்தால், யார் எழுதியது, எப்போது எழுதியது, எதையாவது விற்கிறார்களா, என் நிலைக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பிறகு டாக்டரிடமோ தாதியிடமோ மருந்தகரிடமோ காட்டுங்கள்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். அன்னதானத்துக்கும் திருப்பணிக்கும் வாரி வழங்கும் கைகள் இதற்கும் சிறிது நீள வேண்டும். வெள்ளிக்கிழமை பூசை முடிந்தபின் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மலாயும் தமிழும் நன்கறிந்த இளைஞர் இருவர் போதும். வயதானவர்களின் மருத்துவத் தாள்களை அடுக்கிக் கொடுக்கலாம். புரியாத சொல்லுக்குப் பொருள் சொல்லலாம். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதித் தரலாம். அவர்கள் வைத்தியம் சொல்ல வேண்டாம், சொல்லவும் கூடாது. அங்கே கேட்டதை வெளியே பேசாத நாவடக்கம் மட்டும் கட்டாயம் வேண்டும். கோப்புகளும் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள்களும் வாங்க ஆகும் செலவு மிகச் சிறிது.

தெரியாத நோயைவிடப் புரியாத நோய் கொடியது. நம் மலையில் வாழும் நோயுற்றோர் யாவரும் தம் நோயைத் தம் மொழியில் அறிந்து, தக்க சிகிச்சை பெற்று, நலம் பெற எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.